தாயின் மடியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

“பார்க்கவே பாவமா இருந்துச்சு, விட்டுட்டு வர மனசு வரல. அதான் காசைக் கொடுத்துத் தூக்கிட்டு வந்துட்டோம்.” நாய்க்குட்டி வாங்கியவர்கள் சொல்வதில் என்னை ஓயாமல் உறுத்துவது இந்த வாக்கியம்தான். சொல்பவர்கள் நல்லவர்கள். கண்ணில் பீளை கட்டி, விலா எலும்பு தெரிய, பெட்டிக்குள் சுருண்டு கிடந்த ஒரு குட்டியைக் கையில் எடுத்தபின் திரும்ப வைக்க முடியாதவர்கள். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டால் அவர்கள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே பணம் இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது. அந்தக் குட்டியைப் பெற்றவள் அடுத்த முறை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரும்போது அவளை மறுபடி இணை சேர்க்கலாமா என்ற கேள்விக்கு ‘சேர்க்கலாம், லாபம்தான்’ என்று அந்தப் பணம் பதில் சொல்கிறது. வாங்கியவர் கண்ணில் அவள் பட்டிருக்கவே மாட்டாள். படக்கூடாது என்பதற்காகத்தான் குட்டியை மட்டும் தனியாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

பப்பி மில் என்றால் என்னவென்று இப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாய்களை அடைத்து, ஓயாமல் குட்டி போடவைத்து விற்கும் அந்தப் பண்ணைகளில் அடுக்கிவைத்த கூண்டுகளின் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம், வருத்தப்பட்டிருக்கிறோம். ஆனால் வாங்கப் போகும்போது நாம் கேட்பது எல்லாம் குட்டியைப் பற்றித்தான். ஆணா பெண்ணா, என்ன நிறம், எவ்வளவு வளரும், ஊசி போட்டாச்சா. இந்தக் கேள்விகளில் எதற்கும் விற்பவர் தடுமாற மாட்டார், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார். தாயின் வயது என்ன, இது அவளுக்கு எத்தனையாவது ஈத்து, இதற்கு முந்தைய ஈத்து எந்த மாதம், அவளுக்கு என்னென்ன பரிசோதனை செய்தீர்கள், இனி அவளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்கான பிரீடர், அதாவது நாயை வளர்த்துக் குட்டி விற்பவர், இந்த ஐந்துக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார், சொல்லப்போனால் நிறுத்தாமல் சொல்வார். மற்றவர்கள் பேச்சைக் குட்டிக்குத் திருப்புவார்கள்.

பெட்டையின் உடம்பில் ஓடும் கணக்கு

பெட்டை நாய் பொதுவாக 6 அல்லது 7 மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஒரு ஹீட்டையும் விடாமல் இணை சேர்த்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2 ஈத்து. ஈத்துக்கு 6 குட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டையிடமிருந்து 5 ஆண்டில் 60 குட்டி. இருபது பெட்டைகளை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 240 குட்டி. குட்டியின் விலையை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது, பக்கத்தில் இன்னொருவர் குறைத்து விற்பார். ஆகவே லாபம் வருவது செலவைக் குறைப்பதில். குறைக்கக்கூடிய செலவு என்று அங்கே இருப்பது இடம், தீனி, ஆள் கூலி, மருத்துவம். நான்குமே தாயின் உடம்பில்தான் போய் முடிகின்றன.

அந்த உடம்புக்கு என்ன ஆகிறது? நிறையக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் சிறிய இனப் பெட்டைகளுக்கு, குட்டி போட்ட முதல் சில வாரங்களுக்குள் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று விழுந்துவிடும். முதலில் மூச்சு வாங்கும், நிலைகொள்ளாமல் அலைவாள். பிறகு கால்கள் விறைத்து நடுக்கம் வரும், அதன்பின் வலிப்பு. மருத்துவர் ரத்தக்குழாய் வழியாக, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே, மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து உட்காருவாள். ஏற்ற ஆளில்லாவிட்டால் இறந்துபோவாள். இரவில் ஒருவர்கூடத் தங்காத கூடத்தில் இதை யார் கவனிப்பது? கருப்பையில் சீழ் பிடிப்பதும், மடி கட்டிப் புண்ணாவதும் இப்படித்தான், நேரத்துக்குப் பார்த்தால் சரியாகும், பார்க்காவிட்டால் உயிரை எடுக்கும். கம்பி வலைத் தரையிலேயே நின்று நின்று பாதம் அகன்று, விரலிடுக்கில் கொப்புளம் வரும். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பற்கள் தேயும், உடையும். புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா ஒரு கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் சினையான பெட்டைகளுக்குக் கடைசி வாரங்களில் கரு கலையும். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது, நாயிடமிருந்து முழுமையாக விரட்டுவதும் கடினம்.

அடுத்தடுத்த ஹீட்டில் இணை சேர்ப்பதே கெடுதலா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நல்ல தீனி, நல்ல எடை, ஒவ்வொரு ஈத்துக்கும் முன்பு பரிசோதனை, சில ஈத்துகளோடு நிறுத்திக் கருத்தடை என்றால் இடைவெளி விட்டே ஆகவேண்டியதில்லை என்போர் இருக்கிறார்கள். அந்த விவாதம் நன்றாக வளர்க்கப்படும் நாய்களைப் பற்றியது. சட்டம் அதற்குள் போகாமல் எல்லைக்கோடு போடுகிறது. இங்கிலாந்தின் 2018 உரிம விதிகளின்படி 12 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது, 12 மாதத்துக்குள் இரண்டாவது ஈத்து கூடாது, வாழ்நாளில் 6 ஈத்துக்கு மேல் கூடாது. இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் என்றும், 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்றும் சொல்கின்றன. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் அந்த எண் இருக்க வாய்ப்பு குறைவு.

ஐந்தாம் வாரத்தில் ஏன் கைமாற்றுகிறார்கள்

சட்டம் எட்டு வாரம் என்று சொன்னாலும் குட்டிகள் ஐந்தாம் வாரத்திலேயே சந்தைக்கு வந்துவிடுகின்றன. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் மூன்று, நான்கு வாரம் குட்டிகளுக்கு ஆகும் வேலை முழுவதும் தாயுடையது. பால் கொடுப்பதும் அவள், நக்கி நக்கி மூத்திரம் போகவைப்பதும் அவள், மலத்தைத் தின்று இடத்தைச் சுத்தமாக வைப்பதும் அவள்தான். குட்டிகள் திட உணவு தின்ன ஆரம்பித்ததும் அவள் அந்த வேலையை விட்டுவிடுவாள். அதற்குப்பின் நாளைக்கு நான்கு வேளைத் தீனி, ஆறு குட்டிகள் ஓயாமல் போடும் அசிங்கம், குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி என்று எல்லாம் மனிதர் கைக்கு வரும். ஐந்திலிருந்து எட்டு வரையான மூன்று வாரம்தான் ஒரு ஈத்தில் மிகவும் செலவு பிடிக்கிற, முதுகு ஒடிகிற காலம். குட்டி பார்க்க மிகவும் அழகாக இருப்பதும் அதே காலத்தில். அப்போது தள்ளிவிட்டால் செலவும் உழைப்பும் வாங்குபவர் தலையில் விழும்.

விழுவது அது மட்டுமில்லை. கூடப்பிறந்தவைகளோடு புரண்டு விளையாடும்போது பல்லை அழுத்தினால் எதிர்க்குட்டி கத்தும், ஆட்டம் நிற்கும். கடியின் அளவைக் குட்டி கற்பது இப்படி. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் புதியதைப் பயமின்றி ஏற்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தது. 1961-ல் அங்கிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதரோடு பழகாமல் 14 வாரம் வளர்ந்த குட்டிகள் அதன்பின் மனிதரிடம் நெருங்கவே முடியாதவையாக இருந்தன. கூண்டில் வளர்ந்து, பெட்டியில் பயணப்பட்டு, விற்பனையாளரின் பின்னறையில் ஒரு வாரம் கிடந்த குட்டி அந்தக் காலத்தில் பாதியைத் தொலைத்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஓராண்டு கழித்து அது ஆட்களைக் கண்டு குரைக்கிறது, பின்வாங்கிக் கடிக்கிறது என்றால் ‘இந்த பிரீடே இப்படித்தான்’ என்று பேச்சு வரும். பிரீடு பாவம்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். உதட்டின் ஓரத்தை விரலால் மெல்ல விலக்கி, கோரைப்பல்லுக்குப் பின்னால் பாருங்கள். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் மொத்தம் 28. முன்பற்களும் கோரைகளும் மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் வந்துவிடும், பின்னாலிருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் எட்டாம் வாரத்தை ஒட்டித்தான் நிறையும். எட்டு வாரம் என்று சொல்லப்படும் குட்டிக்கு அங்கே வெறும் ஈறு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மிகச் சிறிய இனங்களுக்குப் பல் கொஞ்சம் தாமதமாக வரும் என்பதையும் மனதில் வையுங்கள். நடையில் தள்ளாட்டம், கண்மணியில் இன்னும் விலகாத நீலச் சாம்பல் நிறம், கிண்ணத்திலிருந்து நக்கித் தின்னத் தெரியாமல் மூக்கை முக்கிக்கொள்வது ஆகியவற்றையும் பல்லோடு சேர்த்துப் பார்த்தால் வயது ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும்.

நான்காம் நாள்

வாங்கி வந்த அன்று குட்டி துள்ளும். மூன்றாம் நாள் கொஞ்சம் மந்தமாக இருக்கும், இடம் மாறியதால் என்று நினைப்போம். நான்காம் நாள் காலை தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும், மதியம் மஞ்சளாக நுரை தள்ளி வாந்தி, இரவுக்குள் ரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இது பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய். அந்த வைரஸ் உடம்புக்குள் போனதிலிருந்து அறிகுறி காட்ட பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில நேரம் இரண்டு வாரம்கூட. ‘எங்ககிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று விற்பவர் சொல்வது இதனால்தான் எடுபடுகிறது. 24 மணிநேர உத்தரவாதம் என்று எழுதிக் கொடுப்பதும் இந்தக் கணக்குத் தெரிந்துதான்.

1978-ல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்த வைரஸ், வேகமாகப் பிரியும் செல்களைத் தேடிப்போகும். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிபடும். குடல் சுவர் உரிந்து நீரும் ரத்தமும் வெளியேறும், குடல் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும், எதிர்க்க வெள்ளணுவும் இருக்காது. வீட்டு வைத்தியத்தில் ஒரு மணிநேரத்தையும் கடத்தாதீர்கள். ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பல நாள் தாங்கிப்பிடித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கூண்டுக்கூடங்களில் இது ஏன் ஓய்வதில்லை என்றால், வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாராயம் கலந்த கைகழுவும் திரவத்துக்கோ பல சாதாரணத் தரை துடைக்கும் திரவங்களுக்கோ சாகாது. மலத்தையும் அழுக்கையும் முதலில் முழுக்கக் கழுவிவிட்டு, வீட்டு பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட்டால்தான் அடங்கும். ஒரு கூட்டம் போனதும் அதே கூண்டில் அடுத்த கூட்டத்தை இறக்குபவர்கள் இதையெல்லாம் செய்வதில்லை. இரண்டு மூன்று இடத்துக் குட்டிகளை ஓரிடத்தில் சேர்த்து விற்கும் இடைத்தரகர்களிடம் ஆபத்து பல மடங்கு. ஒரு குட்டியின் நோய் அங்கே எல்லாவற்றின் நோயாகிறது.

“மூணு ஊசியும் போட்டாச்சு” என்று ஏழு வாரக் குட்டியின் அட்டையை நீட்டினால் அந்த அட்டை பொய், அல்லது அந்த ஊசிகள் வீண். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் அழித்துவிடும். எந்தக் குட்டிக்கு எப்போது குறையும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை அல்லது அதற்கு மேலும் போடச் சொல்கிறார்கள். அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தொகுதி எண், காலாவதித் தேதி, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எல்லாத் தேதியும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஸ்டிக்கர் இல்லாமல் இருந்தால் அது ஒரே உட்காரலில் எழுதியது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். அட்டையில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு நீங்களே தேடி எடுத்த எண்ணில் அழையுங்கள்.

குடற்புழுவுக்கு இவ்வளவு பேசத் தேவையில்லை. உருண்டைப்புழு தாயின் தசையில் உறங்கிக்கிடந்து, சினைக்காலத்தின் பின்பாதியில் விழித்து நஞ்சுக்கொடி வழியாகவே குட்டிக்குள் போய்விடும். ஆகவே நல்ல வீட்டுக் குட்டிக்கும் புழு இருக்கும். 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து கொடுத்தார்களா, எடை பார்த்துக் கொடுத்தார்களா என்று கேளுங்கள், போதும்.

காட்டுவதற்கென்று ஒரு தாய்

2013-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து லூசி என்ற கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் பெட்டை மீட்கப்பட்டது. முதுகெலும்பு வளைந்து, உடம்பில் முடி உதிர்ந்து, இடுப்பு இறுகிப்போய் இருந்தது. 2016-ல் இறந்தது. மார்க் ஆபிரகாம் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக அதன் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் வணிகமாக விற்பதென்றால் வளர்த்தவரே, வளர்த்த இடத்திலேயே, தாயோடு காட்டி விற்க வேண்டும். இடையில் ஒரு கடையோ தரகரோ கூடாது. பிரான்சில் 2024 ஜனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனையே கிடையாது. எனக்கு இந்தச் சட்டங்களில் பிடித்தது, குட்டியை விட்டுவிட்டு தாயை நடுவில் நிறுத்தியதுதான்.

சட்டம் தாயைக் காட்டச் சொன்னதும், காட்டுவதற்கென்று ஒரு தாயை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நல்ல வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, சோபா போட்டு, சுத்தமான பெட்டை ஒன்றைப் படுக்கவைத்து, எங்கிருந்தோ வந்த குட்டிகளை அதன் பக்கத்தில் விடுவது. இங்கேதான் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

உண்மையான தாயின் வயிற்றைப் பாருங்கள். ஏழெட்டு வாரம் முன்பு குட்டி போட்டவளுக்குப் பால் வற்றியிருந்தாலும் மடி தளர்ந்து தொங்கும். காம்புகள் நீண்டு, நிறம் கறுத்திருக்கும். காம்பைச் சுற்றி முடி குறைந்து, குட்டிகளின் நகம் கீறிய சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். குட்டி போட்டபின் முடி உதிர்வதால் மேலும் கொஞ்சம் மெலிந்து, களையிழந்து தெரிவாள். அந்தக் களையின்மை நல்ல அடையாளம். மினுமினுப்பாகச் சீவிவிட்ட முடியோடு, இறுகிய தட்டையான வயிற்றோடு படுத்திருப்பவளைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பிறகு கதவைத் திறந்து குட்டிகளை விடச் சொல்லுங்கள். அவளுடைய குட்டிகள் என்றால் நேராக அவள் வயிற்றுக்கடியில் மூக்கை நுழைக்கும். அவள் எழுந்து நடந்துவிடலாம், மெல்ல உறுமி விலக்கவும் செய்யலாம், பால் மறக்கடிக்கும் காலத்தில் அது இயல்பு. ஆனால் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் முகர்ந்து பார்ப்பாள், அவற்றின் நடுவே பதறாமல் நிற்பாள். பொய்த் தாய் குட்டிகளைப் பார்க்காமல் வாசலையே பார்ப்பாள், அல்லது விறைத்துப்போவாள். குட்டிகளும் அவளைத் தாண்டிப் போய்விடும்.

குட்டிகள் தூங்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ‘கிருமி வந்துடும், உள்ளே விடமாட்டோம்’ என்று சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாசலில் நின்றாவது பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த அக்கறை உண்மையாகவும் இருக்கலாம், அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் வாசலில் நிற்பதற்குமா தடை? குட்டியின் காதோரத்தையும் வால் அடியையும் முகர்ந்து பாருங்கள். குளிப்பாட்டிப் பவுடர் போட்டிருந்தாலும் மூத்திரத்தில் ஊறிய முடியின் அமோனியா நெடி அங்கே தங்கியிருக்கும். பாதத்தைத் திருப்பி விரலிடுக்கைப் பாருங்கள். தரையில் ஒரு சாவிக்கொத்தைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் வளர்ந்த குட்டி திடுக்கிட்டு, இரண்டு நொடியில் அதை முகரவரும். கூண்டில் வளர்ந்தது மூலையில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

முடிந்தால் இரண்டு முறை போங்கள். நான்கு, ஐந்து வாரத்தில் ஒருமுறை, எட்டாம் வாரத்தில் ஒருமுறை. பொய்த் தாயை ஒரு மதியத்துக்குக் கொண்டுவரலாம், நான்கு வாரம் வைத்திருக்க முடியாது.

பேப்பர் இருக்கு, டெஸ்ட் இருக்கா?

வம்சாவளிச் சான்றிதழ் சொல்வது இது இன்ன தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது என்பதை மட்டுமே. ஆரோக்கியமாக வளர்க்கப்பட்டது என்று அது எங்கேயும் சொல்வதில்லை. நான்கு குட்டி பிறந்த ஈத்துக்கு எட்டு என்று பதிவு செய்து, மிஞ்சிய பேப்பரை வேறு குட்டிகளுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் மைக்ரோசிப்பை உங்கள் கண்முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசியளவில் இருக்கும் அந்தச் சிப்பின் எண் 15 இலக்கம். சான்றிதழ், ஊசி அட்டை இரண்டிலும் கடைசி இலக்கம்வரை அதே எண் இருக்க வேண்டும்.

பரிசோதனை என்பது வேறு. ‘டாக்டர் பார்த்துட்டார்’ என்பது பரிசோதனை ஆகாது. லாப்ரடார் என்றால் தாய், தந்தை இருவரின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேக்களுக்கு மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். கண் பரிசோதனையும், படிப்படியாகப் பார்வை போகும் விழித்திரை நோய்க்கான மரபணுச் சோதனையும் இருக்க வேண்டும். கவாலியருக்கு இதய வால்வு, சிறிய இனங்களுக்கு முழங்கால் சில்லு, மூக்கு சப்பையான இனங்களுக்கு மூச்சுவிடும் திறன். மரபணு முடிவில் ‘கடத்தி’, அதாவது நோய் வராமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பது, என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை, இணை அந்த மரபணு இல்லாமல் சுத்தமாக இருந்தால் குட்டிகளுக்கு நோய் வராது. இரண்டு கடத்திகளைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத ஆபத்து. இடுப்பு மதிப்பீட்டில் மூட்டு எக்ஸ்ரேக்களை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ. 24 மாதம் ஆகாமல் இறுதி மதிப்பு தருவதில்லை, பிரிட்டன் முறையில் 12 மாதத்திலிருந்தே எடுக்கலாம். ஆகவே ஒன்றரை வயதுத் தாய்க்கு ஓ.எஃப்.ஏ. இறுதிச் சான்று இருக்கிறது என்றால் தேதியைச் சரிபாருங்கள்.

‘அபூர்வ நிறம்’, ‘டீகப்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மெர்ல் என்ற திட்டுத்திட்டான நிறமுள்ள இரண்டு நாய்களைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு குட்டிகள் இருபுறமிருந்தும் அந்த மரபணு வந்த இரட்டை மெர்லாகப் பிறக்கும், காதும் கண்ணும் பழுதாகிப் பிறக்க அவற்றுக்கு வாய்ப்பு மிக அதிகம். கோப்பைக்குள் அடங்கும் அளவு என்று சொல்லி விற்கும் டீகப் என்று எந்த இனமும் இல்லை. ஈத்தில் சவலையாகப் பிறந்ததை இணை சேர்த்தது, வயது குறைந்தது, அல்லது தீனி குறைத்தது, இந்த மூன்றில் ஒன்றுதான் அது. இரண்டு வேளை தின்னாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிழும் உடம்பு.

விளம்பரத்தில் பார்க்க வேண்டியது சொற்பம்தான். தொலைபேசி எண்ணை அப்படியே தேடிப் பாருங்கள், ஒரே எண்ணில் ஐந்தாறு இனம் வந்தால் விட்டுவிடுங்கள். படத்தை வைத்துத் தேடினால் அது வேறு எங்கோ பழைய படமாக இருக்கும். எப்போது கேட்டாலும் குட்டி தயாராக இருப்பது, பார்க்காமலேயே முன்பணம் கேட்பது, வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திக் கொடுக்கிறேன் என்பது, இந்த மூன்றும் ஒரே மாதிரியான இடங்களிலிருந்துதான் வருகின்றன. நல்ல பிரீடர் உங்களைக் காக்கவைப்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று உங்களையே குடைவார். அந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். என்ன காரணத்துக்காகவும், எந்த வயதிலும், உங்களால் வளர்க்க முடியாமல் போனால் நாயைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பவரிடம் நம்பி வாங்கலாம்.

வாசலில் நிற்கும் அந்த ஐந்து நிமிடம்

எல்லாம் படித்துவிட்டுப் போனாலும், கஷ்டமான இடம் ஒன்று வரும். தாய் இல்லை, அறையைக் காட்டவில்லை, அட்டை ஒரே பேனாவில் எழுதியது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் திறக்கும்போது குட்டியை உங்கள் கையில் வைத்துவிடுவார்கள். அது உங்கள் சட்டைக்குள் மூக்கை நுழைக்கும். உடம்பு சூடாக இருக்கும், வயிறு உப்பியிருக்கும், கண்ணில் நீர் வடியும். ‘வேற யாரும் எடுக்க மாட்டாங்க, பாதி விலைக்குத் தர்றேன்’ என்பார். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான்.

அந்தப் பாதி விலை அவருக்கு நஷ்டமே இல்லை. முதல் மூன்று, நான்கு வாரம் தாய்ப்பாலில் வளர்ந்து, அதன்பின் செலவே செய்யாத குட்டி அது. நோயான குட்டிக்கும் விலை உண்டு என்று அவர் கற்றுக்கொண்டால், குட்டியை நோயின்றி வளர்க்க அவருக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. குட்டியைக் கீழே வைத்துவிட்டு வருவது கல்நெஞ்சம் என்று தோன்றும். எனக்கும் அதை எளிது என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கையறு நிலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. சண்டை போடாதீர்கள், மிரட்டாதீர்கள், நீங்கள் போனதும் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவார்கள். ‘வீட்ல கேட்டுட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். தெருமுனையிலேயே நின்று, நினைவு மங்குவதற்குள் எழுதுங்கள்: தேதி, நேரம், முகவரி, கதவு நிறம், எத்தனை கூண்டு, எத்தனை நாய், தண்ணீர் இருந்ததா, எந்த நாய்க்கு என்ன காயம், எங்கிருந்து எத்தனை குரைப்புக் கேட்டது. விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிவதற்குள் படம் பிடித்து வையுங்கள், வண்டி எண்ணையும். ‘கொடுமையாக இருந்தது’ என்று மட்டும் எழுதிய புகாரை ஓரமாக வைத்துவிடுவார்கள். ‘3 அடிக்கு 2 அடிக் கூண்டில் 4 வளர்ந்த நாய்கள், தண்ணீர்க் கிண்ணம் காலி, ஒன்றுக்கு வலது பின்காலில் திறந்த புண்’ என்று எழுதிய புகாருக்கு ஆய்வாளர் வந்தே ஆகவேண்டியிருக்கும். உரிமம் கொடுக்கும் துறைக்கும் காவல்துறைக்கும் விலங்கு நல அமைப்புக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்பி, ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள். ஒரு சோதனையில் மீட்கப்படுவது அந்த ஒரு குட்டி மட்டுமாக இராது. பின்னறையில் அடைபட்டிருக்கும் தாய்களும் வெளியே வருவார்கள். இன்னொன்று, அங்கிருந்து திரும்பியதும் உடையை மாற்றி, செருப்பைப் பிளீச் நீரில் கழுவாமல் வேறு குட்டி இருக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டி, மலத்தைப் பரிசோதித்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். வளரும் குட்டியின் எடை இரண்டு நாள் ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும். ரசீது, செய்திகள், மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், உங்கள் புகாருக்கு அவைதான் ஆதாரம்.

வெளியே வந்தவர்கள்

மீட்கப்பட்ட, அல்லது ‘இனிக் குட்டி போடாது’ என்று கைவிடப்பட்ட தாய்கள் தத்துக்குக் கிடைக்கிறார்கள். நாய் வாங்க நினைப்பவர்கள் கடைசியாகத்தான் அவர்களை நினைக்கிறார்கள். ஆறேழு வயது, தளர்ந்த மடி, பாதிப் பல் இல்லை. எடுத்து வந்தால் முதல் வாரங்களில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. வாசற்படியைத் தாண்டத் தெரியாமல் நிற்பாள். படிக்கட்டை அவள் பார்த்ததே இல்லை. கூண்டில் நின்ற இடத்திலேயே எல்லாம் கழித்ததால் வீட்டுக்குள்ளும் அப்படியே செய்வாள், திட்டாதீர்கள், குட்டிக்குப் பழக்குவதுபோல முதலிலிருந்து பழக்க வேண்டும். கழுத்துப்பட்டை ஒன்றை மட்டும் நம்பாமல் மார்ப்பட்டையும் சேர்த்து, இரண்டு கயிற்றில் வெளியே கூட்டிப்போங்கள். பயந்தால் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு ஓடுவாள், ஓடினால் கூப்பிட்டாலும் வரத் தெரியாது. மேலிருந்து கையை நீட்டித் தலையைத் தடவாதீர்கள், கூண்டிலிருந்து தூக்கிய கைகள் அப்படித்தான் வந்தன. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல், தீனியை உங்கள் காலருகே வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். வீட்டில் ஏற்கனவே நல்ல சுபாவமுள்ள நாய் ஒன்று இருந்தால் பாதி வேலையை அது செய்துவிடும், அதைப் பார்த்துப் பார்த்து இவளும் கதவைத் தாண்டுவாள்.

புல்லில் முதல்முறை இறக்கிவிடும்போது பெரும்பாலான தாய்கள் நகரமாட்டார்கள். கம்பியைத் தவிர வேறெதையும் மிதிக்காத பாதம். ஒரு காலைத் தூக்கி, புல் தொட்ட இடத்தை நக்கி, மறுபடி வைத்துப் பார்த்து, அடுத்த காலைத் தூக்குவார்கள். கயிற்றை இழுக்காமல், அவசரப்படுத்தாமல், அப்படியே நின்றிருங்கள்.